பாடும் பட்டாவும்

சோழமண்டலக் கரையின் முதல் தொழிற்பேட்டை எது என்று யாராவது என்னைக் கேட்டால், தயங்காமல் பழவேற்காடு என்பேன். கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் அது ஏறத்தாழ முந்நூற்றைம்பது வருஷம் மூத்தது. 1610-இல் டச்சுக் கம்பெனிக்காரர்கள் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கி இங்கே பண்டகசாலை போட்டார்கள். 1612-இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். மறுவருஷமே கோட்டை எழுந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணத்தை நினைத்து கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். நாணயச்சாலை வந்தது, வெடிமருந்துப் பட்டறை வந்தது. சுற்றுவட்டார ஊர்களில் தறி ஓடியது. சாயவேரில் தோய்த்த சிவப்புத் துணி பத்தேவியாவுக்குப் போய், கிழக்குத் தீவுகளின் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றாகக் கைமாறியது. அரசன் உரிமை கொடுத்தான், கம்பெனி முதல் போட்டது, உள்ளூர்க்காரன் உழைத்தான். தொழிற்பேட்டைக்கு இதைவிட வேறென்ன இலக்கணம் வேண்டும்? பஞ்ச காலங்களில் துணியோடு மனிதர்களும் அடிமைகளாக இதே துறையில் கப்பலேறினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் கம்பெனி அதிகாரிகளின் பெயர்கள் இன்றும் படிக்கிற மாதிரி கல்லில் இருக்கின்றன. கப்பலேறிப் போனவர்களுக்குக் கல் கிடையாது.

1639-இல் சென்னைப்பட்டினத்தில் ஆங்கிலேயர் கால் ஊன்றினார்கள். வியாபாரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்தது. 1690-இல் டச்சுக்காரர்கள் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை மண்மேடானது. நெசவும் போனது. ஏரி இருந்தது, அதை நம்பிய குப்பங்கள் இருந்தன.

இந்தப் பழங்கதையிலிருந்து நான் தொடங்கக் காரணம் உண்டு. எங்கள் பகுதிக்கு வந்த ஒவ்வொரு அரசுத் திட்டத்தின் அறிக்கையும் முதல் பக்கத்தில் எங்களைப் பின்தங்கிய பகுதி என்றுதான் அறிமுகம் செய்கிறது. எழுத்தறிவு குறைவு, வேலைவாய்ப்பு இல்லை, நிலம் உவர், ஆகவே தொழிற்சாலை வர வேண்டும் என்று அந்த வாதம் போகும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்த்த நான் அப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்து, குப்பத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லி, அதற்கு எதிராகவோ ஆதரவாகவோ மனு எழுதியே வயதானவன். எந்த அறிக்கையிலும் பாடு என்ற ஒரு விஷயத்துக்கு இடம் இருந்ததில்லை. அது தெரியாமல் இந்தக் கரையில் தொழில் வந்த வரலாறு புரியாது.

ஏரியிலே இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, ஓட்டம் நன்றாக இருக்கிற சில இடங்களில்தான் சுத்து வலைக்குக் காசு. அந்த இடங்களுக்கு எல்லோரும் ஒரே நாளில் பாய்ந்தால் வெட்டுக்குத்துதான். அதனால் எந்த ஊருக்கு எந்த நாள், அந்த ஊருக்குள் எந்தத் தலைக்கட்டுக்கு எந்த இடம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். அந்த முறைதான் பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்று ஊர்ப் பட்டினவர்களுக்கும் அது பரம்பரை உரிமை. கல்யாணம் ஆனவன் தலைக்கட்டு. அவன் பெயர் பட்டியலில் ஏறும். சீட்டு எடுப்பதால் இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம் விழும். பெரிய வலைக்காரன், சின்ன வலைக்காரன் என்ற பேதம் அதில் செல்லாது.

எங்கள் ஊர்ப் பாடு நோட்டை நான் கையில் வைத்து எழுதியிருக்கிறேன். நீள வாட்டில் கட்டிய சாதாரணக் கணக்கு நோட்டு. உப்புக் காற்றுப்பட்டு ஓரமெல்லாம் மொறமொறவென்று இருக்கும். இடது பக்கம் தலைக்கட்டின் பெயரும் தகப்பன் பெயரும், எதிரே இடத்தின் பெயரும் நாளும். செத்துப்போனவர் பெயரை அடிக்க மாட்டார்கள். பக்கத்தில் மகன் பெயரை எழுதி ஒரு கோடு இழுப்பார்கள். தகராறு வந்தால் ஊர்த் தலைவரான நாட்டார் அந்த நோட்டைத்தான் கோயில் வாசலில் விரிப்பார். அவர் விரல் வைத்த வரிக்கு மேல் பேச்சு கிடையாது. சர்க்கார் முத்திரை ஒன்றுகூட அதில் இல்லை.

பாட்டை நான் பொற்கால ஏற்பாடாகச் சொல்ல வரவில்லை. தாழ்த்தப்பட்ட சமூகத்து மீனவர்கள் இந்த முறைக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள். சங்கத்தில் உறுப்பினராகி, வலை வாங்கி, ஏரியில் இடம் கேட்டபோது அவர்களோடு எங்கள் ஊர்கள் மோதின, வழக்கும் நடந்தது. இருளர் பெண்கள் இடுப்பளவுச் சேற்றில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள், பிடிக்கப் பிடிக்க அதற்குள் போடுவார்கள். அவர்களுக்கு எந்தப் பாட்டிலும் சீட்டு இல்லை. இது எங்கள் பக்கத்து அநியாயம், அதைத் திருத்த வேண்டியதும் நாங்கள்தான். ஆனால் நிலத்துக்குப் பட்டா இருப்பது மாதிரி நீருக்கும் ஒரு கணக்கு இங்கே இருந்தது, அதற்கு ஆள் இருந்தார்கள், சட்டம் இருந்தது என்பது உண்மை.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். நலிந்த பகுதிக்கு அரசே தொழிற்பேட்டை கட்டித் தருவது என்ற யோசனை இங்கே பிறந்ததல்ல. 1930-களின் பொருளாதார மந்தத்தில் இங்கிலாந்தின் வடகிழக்கிலும் தெற்கு வேல்ஸிலும் நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் பட்டறைகளும் மூடிக் கிடந்தன. 1934-இல் அப்படிப்பட்ட பகுதிகளுக்கென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. அதன் வழியாக 1936-இல் கேட்ஸ்ஹெட் நகரத்தருகே டீம் வேலி பேட்டை தொடங்கியது. வேல்ஸில் ட்ரீஃபாரஸ்ட், ஸ்காட்லாந்தில் ஹில்லிங்டன் பின்னாலேயே வந்தன. அரசே நிலம் வாங்கி, சாலை போட்டு, கூடம் கட்டி வாடகைக்கு விட்டது. வேலை போன சுரங்கத் தொழிலாளியின் வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு வேலையைக் கொண்டுவந்து வைப்பதுதான் நோக்கம்.

அந்த மாதிரியை இந்தியா 1950-களில் எடுத்துக்கொண்டது. காமராஜர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தபோது, 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. அம்பத்தூர் அடுத்த பத்தாண்டில். 1965-இல் டிட்கோ, 1970-இல் சிட்கோ, 1971-இல் சிப்காட் என்று மாநில அரசின் தொழில் நிறுவனங்கள் வந்தன. இவற்றில் சிப்காட்டுக்குக் கொடுத்த பணியே பின்தங்கிய பகுதிகளில் தொழில் வளாகம் அமைப்பது. முதல் வளாகம் ராணிப்பேட்டையில் 1973-இல் வந்தது. எங்கள் பக்கத்துக் கும்மிடிப்பூண்டிக்கு சென்னையிலிருந்து மின்சார ரயில் 1979-இல் ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே தேசிய நெடுஞ்சாலை. எண்பதுகளில் அங்கே சிப்காட் வளாகத்தின் புகைபோக்கிகள் எழுந்தன.

டீம் வேலிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எப்போதும் உறுத்தும். அங்கே பேட்டை வருவதற்கு முன்பே சுரங்கம் மூடிக் கிடந்தது. இங்கே சிப்காட் வந்தபோது எங்கள் தொழில் மூடிக் கிடக்கவில்லை. அறுபதுகளின் கடைசியிலிருந்தே இறால் ஏற்றுமதி சூடு பிடித்திருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஐஸ் கட்டியை உமியில் புதைத்து லாரியில் கொண்டுவருவார்கள். ஏலத்துக்குக் காசிமேட்டிலிருந்து ஏஜென்ட்டுகள் வந்து காத்திருப்பார்கள். வெள்ளை இறாலின் விலை வருஷா வருஷம் ஏறியது. ஏரியின் பச்சை நண்டு உயிரோடு சிங்கப்பூருக்குப் பறந்தது. எங்கள் ஊரில் கூரை வீடு ஓட்டு வீடானது அந்தக் காலத்தில்தான். அப்போதும் அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் பின்தங்கியவர்கள், ஏனென்றால் வருமானத்துக்கு ரசீது கிடையாது.

கும்மிடிப்பூண்டி வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் அதிகம். உலைக்கு முன்னால் நிற்கிற வேலை. எங்கள் பையன்கள் சிலர் போனார்கள், சீக்கிரமே திரும்பினார்கள். அந்த இடங்களில் முதலில் இலங்கை அகதி முகாமிலிருந்து வந்தவர்கள் நின்றார்கள், பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். பேட்டை இந்தப் பகுதிக்கு வேலை கொண்டுவந்ததா என்றால், கொண்டுவந்தது. இந்தப் பகுதியின் ஏரிக்காரனுக்குக் கொண்டுவந்ததா என்பது வேறு கேள்வி.

ஏரியின் வடகிழக்கில் அதற்கு முன்பே ஒரு பெரிய அரசு வளாகம் வந்துவிட்டது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கிற ஸ்ரீஹரிகோட்டா தீவை 1969-இல் விண்வெளி ஏவுதளத்துக்குத் தேர்ந்தார்கள். 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. நாட்டுக்குப் பெருமை, எங்களுக்கும் பெருமை. ராக்கெட் கிளம்பும்போது குப்பத்துக் குழந்தைகள் கரைக்கு ஓடிவந்து பார்ப்பது இன்றும் வழக்கம். அந்த நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும், நாங்களும் போக மாட்டோம். ஆனால் அந்தத் தீவில் இருந்த யானாதிகளும் மீனவர்களும் பெயர்ந்தார்கள். மீனவர்களில் ஒரு பகுதியினர் தெற்கே தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து குடியேறினார்கள். மனை கொடுத்து, வீடு கொடுத்தால் மறுவாழ்வு முடிந்தது என்று கணக்கு எழுதினார்கள். வந்தவர்கள் எந்தத் தண்ணீரில் வலை போடுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே மூன்று ஊர் பங்கு போட்டுக்கொண்ட நீரில் அவர்களுக்கும் இடம் வேண்டும். அதனால் வந்த மனஸ்தாபங்களைச் சங்கத்து மேசையில் உட்கார்ந்து நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இரண்டு தரப்பினரும் நியாயமானவர்கள்.

தெற்கே எண்ணூர்ப் பக்கம் நடந்தது இதைவிடப் பெரியது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகமும் எங்கள் ஏரியும் பக்கிங்காம் கால்வாயாலும் காட்டுப்பள்ளி உப்பங்கழியாலும் பிணைந்தவை. இறால் குஞ்சுக்கு அந்த ஊர் இந்த ஊர் என்று தெரியாது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கியது, 2017-இல்தான் மூடப்பட்டது. அத்திப்பட்டுக்கு அருகே வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள் 1994-க்கும் 1996-க்கும் இடையில் வந்தன. மூன்றும் சேர்ந்து 630 மெகாவாட். கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துக் குளத்துக்குத் தள்ளுவார்கள். குழாய் உடையும், கசியும். சாம்பல் கூழ் ஆற்றில் இறங்கிப் படியும்.

அந்தச் சாம்பல் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஒருமுறை எண்ணூர்க் கழியில் உறவுக்காரர் படகில் போனபோது அவர் துடுப்பைத் தண்ணீருக்குள் நேராக இறக்கினார். முன்பெல்லாம் ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் துடுப்பு முழங்கை அளவிலேயே முட்டியது. இழுத்துக் காட்டினார். அடியில் ஒட்டியிருந்தது சேறு இல்லை. சிமெண்ட் நிறத்தில், விரலில் தேய்த்தால் மாவு போல வழுக்கியது. சேற்று நண்டு தோண்டி வாழ்வதற்குப் பிசுபிசுப்பான கரிய சேறு வேண்டும், இதில் அது வளை தோண்ட முடியாது. "இறால் இங்க படுக்காது மாப்ளே, படுக்கை போச்சு" என்றார் அவர். சாம்பல் படிந்து ஆறு மேடானதால் படகும் நீரேற்றம் பார்த்துத்தான் போக வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில்தான் எங்கள் குப்பங்களில் பட்டா என்ற சொல் சாப்பாட்டுக்குச் சமமாகப் பேசப்பட்டது. சுற்றிலும் பெரிய வேலைகள் நடந்துகொண்டிருந்தன. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்ற பேச்சு எல்லா ஊரிலும் பரவியது. என் சித்தப்பா மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். ஒரு பெரிய வேலைத்தளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் அழைத்துக்கொண்டு போனான். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நிலம் எந்த சர்வே எண்?"

"நிலம் இல்லீங்க சார். எங்களுக்குப் பாடு. வலை போடுற இடம் போயிடுச்சு."

நான் பாடு நோட்டின் நகலை எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "இது கோயில் வரி நோட்டா?" என்று கேட்டார். விளக்கினோம். அவர் கேட்டுக்கொண்டார், பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது புரியுது. ஆனா என் படிவத்துல இதுக்குக் கட்டம் இல்லை." அந்த வார்த்தையில் கேலி இல்லை. அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது. நிலத்துக்காரனுக்கு நஷ்ட ஈடு, வேலைக்கு முன்னுரிமை. நீர்க்காரனுக்கு இரண்டும் இல்லை, ஏனென்றால் ஏரியும் கழியும் வருவாய்த் துறைக் கணக்கில் அரசுப் புறம்போக்கு. தம்பி பின்னாளில் கான்ட்ராக்டில் ஒரு இடத்தில் சேர்ந்தான். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அவன் சர்வீஸ் முதலிலிருந்து தொடங்கியது.

அதே காலத்தில் இறால் பண்ணை என்று இன்னொரு அலை. கரையோர நிலங்களில் குளம் வெட்டி, கடல் நீர் பாய்ச்சி, வரி இறால் வளர்த்தார்கள். அரசு ஊக்கம் கொடுத்தது, வங்கி கடன் கொடுத்தது. குளத்துக் கழிவு ஏரிக்கு வந்தது, குடிநீர்க் கிணறுகள் உவரேறின. உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று அளித்த தீர்ப்பில் சிலிகா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்று பெயர் சொல்லியே உத்தரவிட்டது. டெல்லியில் எங்கள் ஏரியின் பெயர் அப்படி உச்சரிக்கப்பட்ட அந்தச் செய்தியை நாளிதழிலிருந்து வெட்டிச் சங்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

2001 பிப்ரவரி 1 அன்று பிரதமர் வாஜ்பாய் எண்ணூர்த் துறைமுகத்தைத் திறந்துவைத்தார். அனல் மின் நிலையங்களுக்குக் கரி இறக்குவதுதான் அதன் முதல் வேலை. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் கல் சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். இது எந்தக் கட்டுமரக்காரனுக்கும் தெரிந்த சங்கதி. அடுத்து, டிட்கோவோடு சேர்ந்து எல் அண்ட் டி நிறுவனம் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைத்தது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் பெயர்ந்தது. துறைமுகம் 2013-இல் இயங்கத் தொடங்கி, 2018-இல் அதானி கைக்கு மாறியது. அங்கிருந்து வடக்கே கோரைக்குப்பம் வரை அலை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதைப் போய்ப் பார்க்கலாம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள மணல் திட்டு பல இடங்களில் ஒல்லியானது. அது அறுந்தால் ஏரி என்று தனியாக ஒன்று இருக்காது.

330 ஏக்கர் கொண்ட அந்தத் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிப்பதற்கான திட்டம் வந்தபோதுதான் ஏரிக்கரைக் குப்பங்கள் அத்தனையும் ஒன்றாக எழுந்தன. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலை நிரப்பி எடுப்பது. துறைமுகத்தோடு பெரும் தொழிற்பகுதியும் சேர்ந்தது. இதற்கு டிட்கோ முன்பே கையகப்படுத்தி வைத்திருந்த நிலமும் கணக்கில் இருந்தது. தொண்ணூறுகளில் பெட்ரோகெமிக்கல் பூங்கா என்று பேசப்பட்டு, பிறகு பெயர் மாறி மாறி வந்த அதே வட்டாரம். 2021 ஜனவரி 22 அன்று மீஞ்சூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று தேதி குறித்தார்கள், கொரோனாவைக் காரணம் சொல்லித் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி தேதி குறித்து, அதையும் ரத்து செய்தார்கள். இரண்டு முறையும் நாங்கள் பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தோம். லைட்ஹவுஸ்குப்பத்துப் பெண்கள் தாங்களே உட்கார்ந்து, எந்த மீன் எந்த மாதம் எந்தக் கழியில் கிடைக்கும் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலை வாங்குவதற்கு மேடை அமையவில்லை.

இதற்கு நடுவே 2017-இல் ஒரு விஷயம் வெளியே வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தைக் கடலோர ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நீர்நிலையாகக் காட்டும் வரைபடத்துக்கு 1996-இல் ஒப்புதல் கிடைத்திருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்ட, 1997-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழி இல்லை. ஆறு இருக்கிற இடத்தில் வெறும் நிலம். சுற்றுச்சூழல் அமைப்புகளும் மீனவர்களும் இதை எடுத்துக்கொண்டு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். காகிதத்தில் நீர் இல்லாவிட்டால் அந்த நீரில் வலை போடுகிறவனும் இல்லை. பாடு நோட்டைப் புரட்டிக் கோயில் வரி நோட்டா என்று கேட்ட அந்த மேசையும் ஆற்றை அழித்த அந்த வரைபடமும் ஒரே கணக்கு முறையைச் சேர்ந்தவை என்பது என் தீர்மானமான கருத்து. தொழிற்பேட்டைக்கு இடம் பார்க்கிறவர்கள் பட்டா இல்லாத இடத்தைக் காலி இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மலைப்பக்கம் தேர்வாய்க் கண்டிகையிலும் இதுதான் நடந்தது. சிப்காட் வளாகத்துக்கு ஊர் மக்கள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய, காடாக வளர்ந்து நின்ற நிலத்தை எடுத்தபோது, அந்தத் தலித் கிராமத்தவர் எங்களைப் போலவே மனுவோடு அலைந்தார்கள். 2009-இல் மிஷெலின் டயர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே ஆலை வந்தது.

ஏரி நலிந்ததற்குத் தொழிற்சாலை மட்டும்தான் காரணம் என்று நான் எழுதினால் அது பொய். ஆரணியாற்றிலும் காளங்கியிலும் மழைக்காலத்தில் வர வேண்டிய நன்னீர் குறைந்துவிட்டது. முகத்துவாரம் மணல் மூடி மூடித் திறக்கிறது. அதைத் தூர்வாருவதற்கும் தடுப்புச் சுவருக்கும் மனு போட்டவர்களில் நானும் ஒருவன். வலையின் கண் சின்னதாகிக்கொண்டே வந்ததும், குஞ்சு இறாலைக்கூட விட்டுவைக்காததும் எங்கள் கை செய்த வேலை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் படர்ந்தபோது, எங்கள் ஏலக் கூடத்தில் நல்ல மடவையை வைத்துக்கொண்டு வாங்க ஆள் இல்லாமல் பெண்கள் உட்கார்ந்திருந்ததற்கு எங்கள் வலைக்கண் காரணமில்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை விட மனமில்லை. ஆந்திர எல்லையில் தடா பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலைக்கும், 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரத்துக்கும் விடிகாலையில் கம்பெனி பஸ் வந்து ஏரிக்கரை ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொள்கிறது. என் தங்கை மகள் அப்படிப் போகிறவள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, பி.எஃப். பிடித்தம் போகக் கையில் ஒரு சம்பளம். அவள் அம்மா கூடையில் மீன் சுமந்து பொன்னேரிச் சந்தைக்கு நடந்தவள். "மாமா, ஐஸ் தண்ணி முதுகுல ஒழுகாம ஒரு வேலை, அது போதும் எனக்கு" என்றாள் என்னிடம். அந்த வார்த்தைக்கு நான் தலைவணங்குகிறேன். தொழிற்பேட்டைகள் எங்கள் வீடுகளுக்குள் கொண்டுவந்த நல்லது அது. கல்யாணத்தை அவளே தள்ளிப்போட்டாள், தம்பியைப் பாலிடெக்னிக்கில் அவளே சேர்த்தாள். ஆனால் வயது கொஞ்சம் ஏறியவர்களை அந்த பஸ் ஏற்றாது. அவள் அம்மாவுக்கு ஏலக் கூடம்தான், அங்கே கூடைகள் குறைந்துவிட்டன.

இப்போது எங்கள் ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனிச் சம்பளம் வாங்குகிற தலைக்கட்டுக்குப் பாட்டில் பெயர் இருக்கலாமா? வாரம் முழுக்க ஷிப்ட் போகிறவன் தன் முறை நாளில் வர முடியாது. அவன் இடம் வீணாகிறது, இல்லாவிட்டால் வேறொருவனுக்குக் காசுக்குப் போகிறது. பெயரை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள் இன்னும் முழுநேரமும் ஏரியிலேயே இருப்பவர்கள். போன கூட்டத்தில் என் சித்தப்பா மகன் எழுந்து நின்றான். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது இந்த ஒரு வரிதான் என்றான். அதை அடித்துவிட்டால் தனக்கு எங்கும் பெயர் இல்லை என்றான். நாட்டார் முடிவு சொல்லவில்லை. முறை நாளை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கலாம், வெளியாளுக்கு விற்கக் கூடாது என்ற வரையில் மட்டும் பேசி எழுந்தார்கள். இருளர்களுக்கும் தாழ்த்தப்பட்ட சமூகத்து மீனவர்களுக்கும் இடம் ஒதுக்குவதைப் பற்றியும் அடுத்த கூட்டத்தில் பேசியே ஆக வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

வருவாய்த் துறைக்கு நாங்கள் கடைசியாகக் கொடுத்த மனு சிறியதுதான். மூன்று ஊரின் பாடு இடங்களையும், மற்றவர்கள் தொழில் செய்யும் நீரையும், இருளர் கை தடவும் சேற்றுப் பரப்பையும் நேரில் வந்து அளந்து, கிராமக் கணக்கில் ஏற்ற வேண்டும். இனி எந்தத் தொழில் வளாகத்துக்கு இடம் எடுத்தாலும், அந்தப் பதிவில் உள்ளவர்களை நிலம் கொடுத்தவர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும். மனுவோடு பாடு நோட்டின் நகலையும் இணைத்தோம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. அளக்க வருகிறவர்களைப் படகில் அழைத்துப் போக ஆள் தயாராக இருக்கிறார்கள்.